காற்றில் நில்

ஆறே முக்கால் வண்டி.
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
வளைவுகளின் எண்கள் தலைகீழ்:
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
பத்து மணிக்குச் சேலத்தில் தேர்வு, நான்காம் தாள்,
அமெரிக்கக் கண்டங்களில் பண்பாடு, அடையாளம், இனம்.
படிக்காதே, குமட்டும் என்கிறார் கண்டக்டர்.
படிக்காவிட்டாலும் குமட்டும் என்று
நான் சொல்லவில்லை.

பதினேழில் மெக்சிகோ.
அந்தக் காலத்தில் ஓவியம் வரைந்து மாட்டியிருக்கிறார்கள்,
பதினாறு கட்டம்.
கட்டத்துக்கு ஓர் அப்பன், ஓர் அம்மா, நடுவே பிள்ளை.
இந்த நிறமும் அந்த நிறமும் கூடினால்
பிறப்பதற்கு இன்ன பெயர் என்று காலடியில் எழுத்து.
ஒரு பிள்ளை ஓநாய்.
ஒரு பிள்ளை 'திரும்பிப் பின்னே போ'.
போகப்போக எழுதியவனுக்கே அலுத்திருக்கும்போல,
ஒரு பிள்ளைக்குக் 'காற்றில் நில்' என்று பெயர்.
இன்னொன்றுக்கு 'நீ எனக்கு விளங்கவில்லை'.

பென்சிலால் அடிக்கோடு போட்டேன்.
வண்டி திரும்பியதில்
கோடு பக்கத்தைத் தாண்டி என் சுடிதாரில் முடிந்தது.

எங்களை யாரும் வரைந்ததில்லை.
ஒரே சொல்தான், மலையாளி.
மலையை ஆள்கிறவர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.
ஒன்றாம் வளைவைத் தாண்டினால்
அந்தச் சொல்லுக்கு வேறு ஊர்.
விடுதியில் சேர்ந்த அன்றே
ஓணத்துக்கு லீவு வேணுமா என்றார் காப்பாளர்.
வங்கியில் ஒருவர் ஆசையாய்,
"நாட்டில் எவிடெ?"
நாகலூர் என்றேன்.
"பாலக்காட்டுப் பக்கமோ?"
ஆமாம் என்றுவிட்டு வந்தேன்.
அன்றைக்கு வெயில் அதிகம்.

அத்தை மகள் பர்கூர் மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.
அங்கேயும் மலைதான், அதே பெயர்தான், அதே களிதான்.
மாவட்டம் வேறு.
அவள் பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டுப் போனால்
தாசில்தார் அலுவலகத்தில் ஒருவர்
பதினாறாவது கட்டத்தின் பெயரைச் சொல்லி அனுப்புகிறார்,
நல்ல தமிழில்.

கடலில் வழி தப்பியவன்
வேறு தேசத்தில் இறங்கியதாய் எண்ணி
அங்கிருந்தவர்களை இந்தியர் என்றானாம்.
ஐந்நூறு வருஷமாய் அதுவே பெயர்.
ஓரத்தில் நான் எழுதியிருப்பது: 'ஹா'.
யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை.

பதினொன்றில்
மஞ்சக்குட்டைச் சடையனின் மூட்டை அவிழ்ந்தது.
வண்டி முழுக்கப் பட்டர்புரூட்.
குனிந்தவர்கள்: வனக்காவலர் ஒருவர்,
கன்னியாஸ்திரீகள் இருவர்,
ராத்திரி முழுக்கக் குடித்த கண்களோடு ஒரு பெங்களூர்க்காரன்.
என் செருப்புக்கடியில் ஒன்று.
வெண்ணெயோடு எந்த உறவும் இல்லாத அதற்கு
சொந்தப் பெயர் உண்டு, நூற்றுப் பத்தாம் பக்கம்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், "ஆவகாத்ல்."
"என்ன புள்ள, வையுறியா?"
இல்லண்ணே, பாடம் என்று பழத்தை நீட்டினேன்.
"வச்சுக்க. பரீட்சைக்குப் பசிக்கும்."
எண்ணிப் பார்த்தார். இன்னும் ஒன்று குறைந்தது.

ஏழில் எதிரே லாரி.
டிரைவர் ஒடித்து நிறுத்துகிறார்.
முன்சக்கரம் சாலையில்தான் இருக்கிறது,
நான் இருக்கும் இருக்கை
தடுப்புச் சுவரைத் தாண்டிவிட்டது.
கண்ணாடியில் சாலை இல்லை.
கீழே வெகு தூரத்தில் சேலம்.
சேகோ ஆலைகள் மாவு காயப்போட்ட
வெள்ளைச் சதுரங்கள்.
அந்த மரவள்ளியும் அங்கிருந்துதான் வந்தது,
முப்பத்தேழாம் பக்கம்,
அதை இப்போது எடுத்துப் பார்க்க முடியாது.
வண்டியில் யாரும் பேசவில்லை.
லாரி பின்வாங்குவதற்குள்
என் பெயர் என்ன என்று யாராவது கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்.

தேர்வுக் கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை.
மேற்பார்வையாளர் என் சான்றிதழ் நகலில் விரல் வைத்து,
நிமிர்ந்து, சிரித்து,
"சுகமாணோ?" என்கிறார்.

பைக்குள் பழம், ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது.
சுகம் சார் என்றேன்.
கையெழுத்துப் போட்டேன், வெ. அம்சா.
அடுத்த அறையில் யாரோ
கேள்வித்தாள் கட்டைக் கிழிக்கும் சத்தம்.